வாசல் கதவில் ஒரு முகம்: கொப்ரிவ்ஷ்டிட்சாவில் மூன்று நாட்கள்

மலை ஊர்களில் பார்த்த மனிதர்களைப் பற்றி ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். என் பங்குக்குப் பல்கேரியாவில் சந்தித்த ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

போன அக்டோபரில் தலைநகர் சோஃபியாவிலிருந்து ரயிலில் கிளம்பினேன். கொப்ரிவ்ஷ்டிட்சா என்று பெயர்ப்பலகை மாட்டிய ஸ்டேஷனில் இறங்கினால் அங்கே ஊர் இல்லை. ஊர் இன்னும் சுமார் பத்து கிலோமீட்டர் மேலே, ஸ்ரெட்னா கோரா மலைகளுக்குள் இருக்கிறது. வாசலில் ஒரு சின்ன பஸ் நின்றது. ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டதும் டிரைவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். பல்கேரியாவில் அதற்கு அர்த்தம் ஆமாம். இல்லை என்பதற்குத்தான் தலையை மேலே ஒரு வெட்டு வெட்டுகிறார்கள். ஐரோப்பியப் பயணிகள் பலரும் இதில் குழம்பிப் போவதாக எழுதுவார்கள். சம்மதத்துக்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டியே வளர்ந்த எனக்கு அது சொந்த ஊர் பாஷை மாதிரி இருந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஊர் ஆயிரம் மீட்டருக்கும் சற்று மேலான உயரத்தில் இருக்கிறது. நடுவே தொபோல்னிட்சா ஆறு, அதன்மேல் சின்னச் சின்னக் கல் பாலங்கள், நீலமும் மஞ்சளும் செம்மண் நிறமும் பூசிய பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகள். அக்டோபரிலேயே குளிர் நன்றாக இறங்கியிருந்தது. வீட்டுக்கு வீடு விறகு அடுக்கியிருந்தார்கள். தெருவெல்லாம் புகை வாசனை.

நான் தங்கியது ஒரு பாட்டியின் வீட்டு மாடியில். அங்கே பாட்டியைப் 'பாபா' என்பார்கள், கூப்பிடும்போது 'பாபோ'. நானும் அப்படியே கூப்பிட்டேன். எண்பதைத் தொட்டிருப்பார். எங்களுக்குள் பொது மொழி கிடையாது. அவர் பல்கேரிய மொழியில் பேசுவார், செல்போன் அதை மொழிபெயர்க்கும். பாதி நேரம் செல்போன் தப்பாகச் சொல்லும், அவர் கையால் திருத்துவார். காலையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பனிட்சாவோடு ஒரு கிண்ணம் கட்டித் தயிர் வைத்தார். தயிருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்குப் 'புளித்த பால்' என்றுதான் பொருள். நான் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இன்னொரு கிண்ணம் கொண்டுவந்தார்.

அவர் வீட்டு மரக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கறுப்பு ஓரம், ஒரு மனிதரின் படம், கீழே நாலைந்து வரிகள். நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி மாதிரிதான், ஆனால் எழுதும் தாள் அளவு. வீட்டில் சாவு விழுந்திருக்கும்போது வந்துவிட்டோமோ என்று எனக்குச் சங்கடமாகிவிட்டது. மெதுவாகக் கேட்டேன். அவருடைய கணவர். இறந்து பத்து வருடம்.

இதற்கு 'நெக்ரோலோக்' என்று பெயர். ஒருவர் இறந்ததும் ஒட்டுகிறார்கள். அதோடு முடிவதில்லை. நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஒரு வருடம், பத்து வருடம், அதற்குப் பிறகும்கூட புதிதாக அச்சடித்து ஒட்டுகிறார்கள். கதவு, மரம், பஸ் நிறுத்தம் எங்கும் பார்க்கலாம். பாபா அந்தத் தாளின் மடங்கிய மூலையை விரலால் நீவிவிட்டார். கதவைத் தாண்டும்போதெல்லாம் அவர் அப்படிச் செய்வதை அடுத்த இரண்டு நாளும் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஊரைச் சுற்றியபோது என் கண் வேறு மாதிரி பார்த்தது. இங்கே அருங்காட்சியகம் என்றால் பெரும்பாலும் யாரோ ஒருவரின் வீடுதான். ஆறு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். 1876 ஏப்ரல் 20 அன்று, இன்றைய நாட்காட்டிப்படி மே 2, ஒட்டோமான் துருக்கியர் ஆட்சிக்கு எதிரான ஏப்ரல் எழுச்சியின் முதல் துப்பாக்கிச் சத்தம் இந்த ஊர்ப் பாலம் ஒன்றில்தான் கேட்டது. இங்கே கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய தோடோர் கப்லெஷ்கோவ், எழுச்சி தொடங்கிவிட்டது என்று உடனே பானாக்யூரிஷ்டே ஊருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். கொல்லப்பட்ட காவலரின் இரத்தத்தால் குறியிட்டதால் அதை 'இரத்தக் கடிதம்' என்கிறார்கள். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஜூன் மாதம் முடிவதற்குள் அவர் உயிரோடு இல்லை. பிடிபட்டபின் தன்னையே மாய்த்துக்கொண்டார். ஒஸ்லெகோவ் என்ற வியாபாரியின் வீட்டுக்கும் போனேன். ஓவியம் தீட்டிய முகப்பு, மரத்தில் இழைத்த கூரை, பார்த்துக்கொண்டே நிற்கலாம். இவ்வளவு வசதியோடு வாழ்ந்த மனிதரும் கிளர்ச்சியில் சேர்ந்தார், மரண தண்டனை பெற்றார்.

மனதில் ஆழமாகத் தங்கிவிட்டது மாதா கோயில் கல்லறைத் தோட்டம். நீலச் சுவர்கள் கொண்ட அந்தக் கோயில் 1817இல் கட்டியது. அதன் வளாகத்தில் கவிஞர் டிம்ச்சோ டெபெல்யானோவின் கல்லறை இருக்கிறது. இந்த ஊரில் 1887இல் பிறந்தவர், 1916இல் முதல் உலகப் போரில் இறந்தார். உடலின் எச்சங்கள் 1931இல்தான் ஊர் திரும்பின. கல்லறையில் ஒரு தாயின் கல் உருவம், சிற்பி இவான் லாசரோவ் செய்தது. முக்காடு போட்ட பெண், கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அழவில்லை, கும்பிடவில்லை. காத்திருக்கிறாள், அவ்வளவுதான். அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரவு பாபாவிடம் அந்தத் தாய்ச் சிலையின் படத்தைக் காட்டினேன். அவர் செல்போனைக் கையில் வாங்கி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா இருக்கிறாரா?" தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். "அப்படியானால் கூப்பிடு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. மறுநாள் காலை பேசினேன். பாபாவும் பக்கத்தில் நின்று என் அம்மாவுக்குக் கையசைத்தார்.

ஒருநாள் பானாக்யூரிஷ்டேவுக்கும் போய்வந்தேன். கிளர்ச்சிக் கொடியைத் தைத்த இளம் ஆசிரியை ராய்னாவின் வீடு அங்கேதான். கொடியில் சிங்கமும் 'சுதந்திரம் அல்லது மரணம்' என்ற சொற்களும் இருந்தன. 1949இல் மண் வெட்டிய சகோதரர்கள் மூவருக்கு ஆறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்பது பழங்காலப் பொன் பாத்திரங்கள் கிடைத்ததும் இந்த ஊரில்தான். நேரம் இருப்பவர்கள் போகலாம். ஆனால் ஒரே ஒரு நாள்தான் கையில் என்றால் கொப்ரிவ்ஷ்டிட்சாவிலேயே இருங்கள் என்பேன்.

கிளம்பும் நாள் காலை பாபா ஒரு சொம்புத் தண்ணீரோடு வாசலுக்கு வந்தார். என்னை முன்னால் போகச் சொல்லிவிட்டு, நான் நடக்கப்போகும் வழியில் அதை ஊற்றினார். வழியனுப்பும்போது அங்கே அப்படிச் செய்வது வழக்கம். போகிற காரியம் தண்ணீர் மாதிரித் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று. ஈரக் கல்லை மிதித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். திருப்பத்தில் திரும்பிப் பார்த்தபோது, பாபா சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கதவிலிருந்த தாளின் மூலையை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.