உட்கார விடாத ஜவுளிக் கடைகள்: நீங்கள் பார்த்தது என்ன?

மாம்பலத்தான்:
தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, தி.நகர். கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புடவை எடுத்துப் போட்ட பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. அம்மா கேட்கக் கேட்க விரித்துக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் கெண்டைச் சதையில் வைத்து அழுத்திக்கொண்டாள். “கொஞ்சம் உட்காரேன் கண்ணு” என்றார் அம்மா. சட்டென்று காலை இறக்கிவிட்டு, மாடிப்படி அருகே நின்ற சூப்பர்வைசரைப் பார்த்தாள். “பரவாயில்லை அம்மா, நீங்கள் பாருங்கள்.” அவளுக்குப் பின்னாலேயே ஒரு ஸ்டூல். அதன்மேல் மார்பளவு புடவைக் கட்டு. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டின் கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவு வந்தபோது அவ்வளவு மகிழ்ந்தேன். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

தென்காசிப் பெண்:
நானும் அப்படி நின்றவள், சட்டம் வருவதற்கு முன்பு. தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு என்று சொல்லி அழைத்துப் போனார்கள். காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு பத்து. உட்கார்ந்தது கேமராவில் தெரிந்தால் சம்பளத்தில் பிடித்தம். அப்பா ஒருநாள் பார்க்க வந்தார், சலவை வேட்டி கட்டிக்கொண்டு. வாசலில் விடவில்லை, பின்பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். அட்டைப்பெட்டிக் குவியலுக்கு நடுவில் நின்று என் காலையே பார்த்தார். நரம்பு சுருண்டு நீலம் பாய்ந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. முறுக்குப் பையைக் கையில் கொடுத்து, “உள்ளே போ தாயி, தேடப் போகிறார்கள்” என்றார். நான் நாள் முழுக்க விரித்துக் காட்டிய பட்டில் ஒன்றைக்கூட என் ஒரு மாதச் சம்பளத்தில் வாங்க முடியாது.

ஈரோட்டு வியாபாரி:
எல்லா முதலாளிகளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். என் கடை சிறியது, ஆள் இல்லாத நேரத்தில் எல்லோரும் உட்காருவார்கள். ஒருமுறை வேலை செய்யும் பெண் உட்கார்ந்தபடியே விலை சொன்னாள் என்று காரில் வந்த ஒருவர், “எழுந்து நிற்கத் தெரியாதா?” என்று கத்திவிட்டுப் போனார். அவள் அன்று முழுக்க உட்காரவே இல்லை. மாம்பலத்தான் அவர்களே, வாங்க வருகிறவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

தொழிற்சங்கத்துக்காரன்:
என் தங்கை நகைக் கடையில் நின்று கால் போய் விலகியவள். அது இருக்கட்டும். மேலே எழுதியவர்கள் யாரும் வேலை நேரம் பற்றிய சட்டத்தைப் பேசவில்லை. 1947-ஆம் ஆண்டின் கடைகள் சட்டப்படி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். ஒன்பதரை முதல் பத்து வரை என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள், ஒரு தளத்துப் பெண்கள் சேர்ந்து போங்கள். கோழிக்கோட்டில் விஜி தொடங்கிய ‘பெண்கூட்டு’ என்ற பெண் தொழிலாளர் அமைப்பு முதலில் கேட்டது கழிப்பறை. பிறகுதான் உட்காரும் உரிமை. 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது, நமக்கு மூன்று ஆண்டுகள் முன்பே. ஈரோட்டுக்காரரே, கத்தியவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

தென்காசிப் பெண்:
அண்ணா, சொன்னதெல்லாம் சரி. ஆனால் விடுதியும் கடைக்காரருடையது. மனு எழுதினது தெரிந்தால் அன்று இரவே பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டும். என்னோடு இருந்த ஒருத்தி அப்படித்தான் எழும்பூர் ரயில் நிலையத்தில் விடியும்வரை இருந்தாள். உங்கள் சங்கத்தில் அந்தப் பெண்கள் படுக்க ஓர் இடம் ஏற்பாடு செய்ய முடியுமா? முடியுமென்றால் சொல்லுங்கள், இன்னும் அங்கே வேலை செய்கிறவர்களிடம் நானே பேசுகிறேன்.