டிரான்ஸ்ஃபரன்ஸ்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

வணக்கம். உளவியல் மாணவர் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். சிகிச்சைக்கு வருபவர் சிகிச்சையாளர்மீதே காதல்கொள்ளும் அத்தியாயத்தில் நிற்கிறேன். சந்திப்பு நாளில் மட்டும் பூ வைத்துக்கொண்டு, அரைமணி முன்னதாகவே வந்து உட்கார்ந்திருக்கிறாள் ஒரு பெண். அப்பா காதுகொடுத்துக் கேட்காததை எல்லாம் இவர் கேட்கிறார். முதல் வரைவில் 'இடமாற்றம்' என்று போட்டேன். படித்த தோழி "எந்த ஊருக்கு?" என்கிறாள்.
– இரா.

தொல்காப்பியர் எப்போதோ முடித்துவைத்தது. ஒருதலைக் காமம் கைக்கிளை. புதுச்சொல் எதற்கு?
– செ.

செ. ஐயா, கைக்கிளையில் ஆள் மாறுவதில்லை. இங்கே தந்தைக்கோ தாய்க்கோ உரிய உணர்வு வேறொருவர்மேல் ஏறுகிறது. இதற்கு உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்டின் சொல் 'யூபர்ட்ராகுங்'. ஜெர்மனில் மொழிபெயர்ப்புக்கும் அதே சொல் உண்டு. நம்மிடம் தற்குறிப்பேற்றம் இருக்கிறதே! மதுரைக் கோட்டைக் கொடி காற்றில்தான் அசைகிறது. இளங்கோவுக்கு அது 'வாரல்' (வராதே) என்று கோவலனைத் தடுக்கிறது. சிகிச்சையாளர் வழக்கம்போலத் தலையசைக்கிறார்; எதிரில் இருப்பவருக்கு அது சம்மதம். ஆகவே 'உணர்வேற்றம்'. சிகிச்சையாளர் பக்கம் எழுவது 'எதிரேற்றம்'.
– வ.

உளவியல் கற்பிப்பவள் நான். கொடி அழகுதான், ஆனால் அது தன் மனத்தில் இருப்பதைப் பிறர்மேல் ஏற்றிப் பார்க்கும் புரொஜெக்‌ஷனுக்கே பொருந்தும். இங்கே நடப்பது பழைய உறவு ஒன்றின் மறு அரங்கேற்றம். 1915 கட்டுரையில் ஃப்ராய்டே அந்தக் காதலைப் போலி என்று ஒதுக்கவில்லை. மருத்துவர் இணங்கவும் கூடாது, அதட்டி அடக்கவும் கூடாது என்கிறார். 'ஏற்றம்' என்றால் மேலே பூசியதுபோல இருக்கிறது. என் வகுப்பில் 'உணர்வுப் பெயர்ச்சி'.
– ம.

சனிப்பெயர்ச்சிபோல இரண்டரை ஆண்டில் விலகிவிடுமா?
– க.

சிகிச்சையாளர் என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. இலங்கையில் நாங்கள் உளவளத்துணையாளர் என்போம்.
– யோ.

'ஆற்றுப்படுத்துநர்' இருக்கிறதே. துயரை ஆற்றுபவர் என்று பலர் நினைப்பது பிழை. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவது ஆற்றுப்படை. இன்று வழிகாட்டுபவரே பரிசிலையும் வாங்கிக்கொள்கிறார்.
– செ.

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். பெயர்ச்சிக்கு நான்கு பேர், ஏற்றத்துக்கு இரண்டு பேர். 'உணர்வுப் பெயர்ச்சி' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் 'டிரான்ஸ்ஃபரன்ஸ்' தருகிறேன்.
– இரா.

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். பெயர்ச்சி என்றால் பழைய இடம் காலியாகிவிட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அப்பாமேல் உள்ள ஏக்கம் எங்கே காலியாயிற்று?
– வ.

கைக்கிளைக்கு நான் போட்ட வாக்கு எண்ணப்பட்டதா?
– செ.