ராக், ராப், துடும்பு சேரும் கூட்டு ஆல்பம்: ஒட்டுப்போட்டது போல் கேட்காமல் இருக்க என்ன வழி?

நொய்யல்கரை:
வணக்கம். கல்லூரிக் காலத்திலிருந்து ராக் வாசித்து வரும் நாங்கள் நால்வரும், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்து ராப் எழுதும் தம்பிகள் இருவரும், பேரூர்ப் பக்கம் ஊர் நோம்பித் திருவிழாக்களுக்குத் துடும்பு என்னும் தோல் முரசு அடிக்கும் குழுவினரும் சேர்ந்து எட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்து வருகிறோம். தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. சேர்த்துக் கேட்டால் ஒரே வீதியில் இரண்டு பந்தல்களில் இரண்டு மைக்செட் பாடுவது போல இருக்கிறது. கும்மி மெட்டில் அமைந்த பாட்டில் ராப் அறவே உட்காரவில்லை.

பவானிக்கூடல்:
எதை முதலில் பதிவு செய்தீர்கள் என்பதைச் சொல்லவில்லையே, தம்பி. கிட்டாரை க்ளிக்குக்கு (மாறாத வேகத்தில் காதில் ஒலிக்கும் தட்டுக்கு) வாசித்துவிட்டு அதன்மேல் துடும்பை அடிக்கச் சொல்லியிருந்தால் கோளாறு அங்கேதான் இருக்கிறது. துடும்புக்காரர்கள் ஆட்டக்காரர்களின் காலைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பழகியவர்கள். ஆகவே அவர்களை முதலில் ஒன்றாக நிறுத்திப் பதிவு செய்து, அந்த வேகத்தின் ஏற்ற இறக்கத்தை அப்படியே கணினியில் குறித்துக்கொண்டு, மற்றவர்கள் அதன்மேல் வாசிப்பதே சரி. கும்மி திஸ்ர நடையில், அதாவது தட்டுக்கு மூன்று மூன்றாகப் போகிறது, உங்கள் தம்பிகளோ நான்கு நான்காக எழுதியிருப்பார்கள். ஒரு தட்டுக்கு மூன்று அசை விழும்படி வரிகளை மாற்றி எழுதச் சொல்லுங்கள். துடும்பும் பேஸ் கிட்டாரும் ஒரே தாழ்ந்த ஒலிப்பகுதியில் மோதும் என்பதால், துடும்பு முழங்கும் இடங்களில் பேஸ் வாய்மூடி இருக்கட்டும்.

சிறுவாணித்தண்ணி:
மேலே அண்ணன் சொன்ன வேலைமுறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எட்டுப் பாட்டுக்கும் இறுதி முடிவெடுக்கும் காது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்பேன். 2004இல் ராக் குழுவான லிங்கின் பார்க்கும் ராப் பாடகர் ஜே-ஸியும் வெளியிட்ட கூட்டுத் தொகுப்பில், இரு தரப்பின் பழைய பாட்டுகளே ஒன்றோடொன்று பின்னப்பட்டன. கேட்கச் சுவைதான், எனினும் எது யாருடையது என்று கடைசிவரை பிரித்துச் சொல்லிவிடலாம். அடுத்த ஆண்டு வந்த, கொரில்லாஸ் என்ற இசைக்குழுவின் 'டீமன் டேஸ்' ஆல்பத்திலோ, ராப் பாடும் டி லா சோல், பாடகி நெனே செர்ரி, கதைசொல்லும் குரலாக நடிகர் டென்னிஸ் ஹாப்பர் என்று பலர் வந்துபோனாலும், அந்தக் குழுவின் பாடகர் டேமன் ஆல்பார்னின் மெட்டுகளும் தயாரிப்பாளர் டேஞ்சர் மவுஸின் தாளக்கட்டும் எல்லாவற்றையும் ஒரே வீடாக்கிவிடுகின்றன. (அந்த ஆல்பத்தை உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி போகும் பேருந்தில் ஹெட்போனில் கேட்டே எனக்குத் தேய்ந்துவிட்டது.) உங்களில் அந்தக் காது யார்?

நொய்யல்கரை:
உண்மையில் யாரும் இல்லை. கைதூக்கித்தான் முடிவு செய்கிறோம். கிட்டாரைத்தான் முதலில் பதிவு செய்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், அண்ணா. கும்மிப் பாட்டை வரும் ஞாயிறன்று துடும்பிலிருந்து மறுபடி தொடங்குகிறோம்.

பவானிக்கூடல்:
அதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாடல் வரி, மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றுக்கும் சட்டப்படி உரிமை தனித்தனியானது. துடும்புக் குழுவுக்கு அன்றைக்குக் கூலி கொடுத்தாயிற்று என்று விட்டுவிடாமல், பாட்டின் பெயரோடு அவர்கள் பெயரும் பங்கும் வரும்படி செய்யுங்கள்.