11 மாத வயிற்றுத் தொந்தரவு, ‘டென்ஷன்’ என்று அனுப்பிவிடுகிறார்கள். முறையாகச் சோதிக்க வைப்பது எப்படி?

பெரம்பூர் ஆசிரியை:

வணக்கம். எனக்கு வயது 36. மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். 11 மாதங்களாக வயிறு சரியில்லை. ஒரு நாள் நான்கைந்து முறை போகிறது, அடுத்த இரண்டு நாள் அடைத்துக்கொள்கிறது. வலப்பக்க அடிவயிறு பிடித்துப் பிடித்து வலிக்கிறது. காலையில் 29சி பஸ் ஏறும் வரை பச்சைத் தண்ணீர் கூடக் குடிப்பதில்லை. வழியில் எந்த நிறுத்தத்தில் இறங்கினால் கழிப்பறை கிடைக்கும் என்பது எனக்கு மனப்பாடம். ஒரு முறை பாதி வழியில் இறங்கி, முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மாள் ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே விட்டார். வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

நான்கு மருத்துவர்களைப் பார்த்தாயிற்று. முதலாமவர் கேஸ் என்று பான்டோபிரசோல் மாத்திரை கொடுத்தார். இரண்டாமவர் கொடுத்ததும் அதே மருந்துதான், அட்டையில் பெயர் மட்டும் வேறு. 7 மாதம் சாப்பிட்டும் பலனில்லை. மூன்றாமவர் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எல்லாம் நார்மல் என்றார். நான்காமவர் என் கோப்பைத் திறக்கவே இல்லை. ‘இது ஐ.பி.எஸ்., குடல் எளிதில் கலங்கும் கோளாறு, டென்ஷனைக் குறையுங்கள்’ என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள், அவர் அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் டென்ஷனால் வயிறு கெட்டதா, வயிறு கெட்டதால் டென்ஷனா என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.

இன்ன சோதனை வேண்டும் என்று நானாகக் கேட்கலாமா? கேட்டால் கோபித்துக்கொள்வார்களா?

கொளத்தூர்க்காரர்:

என் மனைவிக்கும் இப்படித்தான் இருந்தது. காரத்தை நிறுத்தி மோரும் சீரகத் தண்ணீரும் குடித்து வந்தார், ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. முயன்று பாருங்கள்.

ராயபுரம் சிஸ்டர்:

மோர் நல்லதுதான் ஐயா. ஆனால் 11 மாதத்துக்கு அது பதில் இல்லை.

அம்மா, நான் அரசு மருத்துவமனை ஒன்றின் குடல்நோய் வார்டில் 27 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் எழுதியதைவிட எழுதாமல் விட்டதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. வெட்கப்படாமல் பதில் சொல்லுங்கள். வலியோ போக்கோ இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? எடை குறைந்திருக்கிறதா? மலத்தில் ரத்தம் உண்டா, கருப்பாகப் போகிறதா? மாலையில் உடம்பு கதகதவென்று இருக்கிறதா? ஹீமோகுளோபின் எவ்வளவு? வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய், டி.பி. வந்ததுண்டா? வேறு எதற்காவது வலி மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

பெரம்பூர் ஆசிரியை:

சிஸ்டர், இதைப் படித்ததும் எழுந்துபோய்ப் பழைய சீட்டுகளைத் தேடி எடுத்தேன். போன ஆண்டு 61 கிலோ. நேற்று 53. ரவிக்கைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தாயிற்று, அலைச்சலில் இளைக்கிறேன் என்றே நினைத்திருந்தேன். வாரத்தில் மூன்று நாளாவது விடியற்காலை 3 மணிக்கு வயிறு எழுப்பிவிடுகிறது. ரத்தம் பார்த்ததில்லை. கருப்பாகப் போகிறது, ஆனால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன். ஹீமோகுளோபின் 9.1. மாதவிலக்கால் இருக்கும் என்று அந்த மாத்திரையைத் தந்தார்கள். பள்ளியிலிருந்து வந்தால் சில நாள் லேசாகக் காய்கிறது. என் பெரியப்பாவுக்கு முன்பு டி.பி. இருந்தது. முதுகுவலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபினாக் போடுகிறேன்.

ஹீமோகுளோபினைத் தவிர இதில் ஒன்றைக்கூட எந்த மருத்துவரிடமும் நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் கணவரோ மாமியாரோ பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டு மலத்தின் நிறத்தை எப்படிச் சொல்வது?

ராயபுரம் சிஸ்டர்:

அதுதான் சங்கதி. ‘வயிறு சரியில்லை’, ‘கேஸ்’ என்ற சொற்களுக்குள் நாம் இருபது நோயை மூடி வைத்துவிடுகிறோம். நீங்களே கேஸ் என்று தொடங்கினால் மருத்துவர் கை கேஸ் மாத்திரையைத்தான் எழுதும். அடுத்த முறை அந்தச் சொல்லே உங்கள் வாயில் வர வேண்டாம். நோயின் பெயரை அவர் சொல்லட்டும், உடம்பு செய்வதை நீங்கள் சொல்லுங்கள்.

ஐ.பி.எஸ். பொய்யான நோய் இல்லை. ஆனால் அது எடையைக் குறைக்காது, ரத்தத்தைக் குறைக்காது, காய்ச்சல் தராது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்புவதும் அதன் வழக்கமில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலே மேலே தேட வேண்டும், உங்களுக்கு நான்கும் இருக்கின்றன. ஸ்கேன் நார்மல் என்பதை வைத்து ஆறுதல் கொள்ளாதீர்கள். ஈரல், பித்தப்பை, சிறுநீரகம் அதில் நன்றாகத் தெரியும், குடலின் உட்சுவரில் உள்ள சிறு புண் பெரும்பாலும் தெரியாது.

ஐந்தாவது மருத்துவரைத் தேட வேண்டாம். குடல்நோய் நிபுணர் ஒருவரைப் பிடித்து அவரிடமே நில்லுங்கள். ஆள் மாறும்போதெல்லாம் கதை முதலிலிருந்து தொடங்கும், முதல் மாத்திரையும் அதேதான் வரும். பெரம்பூரிலிருந்து ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம்தான். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் இதற்குத் தனித் துறை இருக்கிறது. விடியற்காலையே போய்ச் சீட்டுப் போட வேண்டும், காத்திருக்க வேண்டும். ஆனால் இந்த நோய்களை அன்றாடம் பார்ப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். தனியார் மருத்துவரிடமே போனாலும் சரி, கையில் ஒரு தாள் இருக்கட்டும். ஒரே தாள், ஒரே பக்கம். பத்துப் பக்கம் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். இப்படி எழுதுங்கள்:

“வயது 36. 11 மாதமாக வலப்பக்க அடிவயிற்று வலி. ஒரு நாள் போக்கு, 4 அல்லது 5 முறை; அடுத்த இரண்டு நாள் மலச்சிக்கல். வாரம் 3 நாள் இரவு 3 மணிக்கு வலியால் விழிப்பு. எடை 61லிருந்து 53. ஹீமோகுளோபின் 9.1. மாலையில் லேசான காய்ச்சல், தெர்மாமீட்டரில் பார்த்த அளவுகள் கீழே. பெரியப்பாவுக்கு டி.பி. இருந்தது. டைக்ளோஃபினாக் அவ்வப்போது. பான்டோபிரசோல் 7 மாதம், பலனில்லை.”

எடையையும் ஹீமோகுளோபினையும் சிவப்பு மையில் எழுதுங்கள். காய்ச்சலை இன்று மாலை முதலே அளந்து குறித்து வையுங்கள். லேசாகக் காய்கிறது என்றால் தலையாட்டிவிட்டுப் போவார்கள், 100.2 என்றால் நின்று பார்ப்பார்கள். தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: “ஐயா, இது ஐ.பி.எஸ். இல்லையென்றால் வேறு என்னவாக இருக்கலாம்? அதை இல்லை என்று உறுதிசெய்ய எந்தச் சோதனை வேண்டும்?” இதில் யாருக்கும் கோபம் வராது. கொலனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) எழுதிக் கொடுங்கள் என்று ஆரம்பித்தால்தான் பேச்சு முறியும். கணவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள், அல்லது அந்தத் தாளை முதலில் அவரைப் படிக்க வையுங்கள்.

டைக்ளோஃபினாக்கை உடனே நிறுத்துங்கள். அது இரைப்பையையும் குடலையும் புண்ணாக்கும்.

அண்ணா நகர் ஆய்வகம்:

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர்., தைராய்டு, கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கான டி.டி.ஜி. ஆகியவற்றையும், மலத்தில் கால்ப்ரோடெக்டினையும் பார்க்கச் சொல்வார்கள். கடைசியாகச் சொன்னது குடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும். 50க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை, 250ஐத் தாண்டினால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். வலி மாத்திரை இந்த அளவை ஏற்றிவிடும், அதை எப்போது நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள். டி.டி.ஜி. எடுக்கும் வரை சப்பாத்தியை நிறுத்தாதீர்கள். கோதுமையை விட்டுவிட்டு வந்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.

வேளச்சேரி தம்பி:

அக்கா, எனக்கு 29 வயது. ஆறு ஆண்டுகளாகக் க்ரோன்ஸ் நோய், அதாவது குடலில் நாள்பட்ட அழற்சி. முதல் ஒன்றரை ஆண்டு எனக்கும் தேர்வு பயம் என்றுதான் சொன்னார்கள். நம் ஊரில் குடல் டி.பி.யும் க்ரோன்ஸும் ஒரே இடத்தில், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் முனையில், ஒரே மாதிரிப் புண்ணாக வரும். சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி பார்த்தும் எனக்கு இருப்பது எது என்று மருத்துவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முதலில் டி.பி. மருந்து கொடுத்து, இரண்டு மாதம் கழித்துத் திரும்ப உள்ளே பார்த்தார்கள். புண் அப்படியே இருந்தது, அதன் பிறகுதான் க்ரோன்ஸ் என்று முடிவுசெய்தார்கள். அந்த இரண்டு மாதம் எனக்குக் கோபமாக வந்தது. இப்போது அந்த மருத்துவர்மேல் மரியாதைதான். க்ரோன்ஸ் என்று ஸ்டீராய்டு கொடுத்து, உள்ளே இருந்தது டி.பி.யாகப் போயிருந்தால் அது பரவியிருக்கும்.

பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகளில் இருக்கிறது.

ராயபுரம் சிஸ்டர்:

தம்பி சொன்னது முக்கியம். கொலனோஸ்கோபி என்று முடிவானால், சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை போய்ப் பார்ப்பார்களா, சதை எடுப்பார்களா என்று முன்னதாகவே கேளுங்கள். எடுத்த சதை இரண்டு பாட்டிலில் போக வேண்டும். ஃபார்மலினில் ஒன்று, அது நுண்ணோக்கியில் பார்க்க. சலைன் எனும் உப்புநீரில் இன்னொன்று, அது டி.பி. கிருமியை வளர்த்துப் பார்க்கவும், கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், பிறகு வளர்க்கவே முடியாது. எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் போட்டு அனுப்பிவிட்டு, நோயாளியைத் திரும்ப வரச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். பேதி மருந்தை மறுபடி குடித்து, மறுபடி குடலைக் கழுவிக்கொண்டு வந்த ஒரு பெரியவரின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது குடலுக்குள் கருப்பாகப் படிந்து பார்வையை மறைக்கும். கீரை, தக்காளி விதை, கொய்யா எதுவும் முன்னிரண்டு நாளில் வேண்டாம்.

தாம்பரம் வாசகி:

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு எல்லாச் சோதனையும் செய்து, எல்லாம் சரியாக இருந்து, ஐ.பி.எஸ். என்றே முடிவானது. வலி அதனால் குறைந்துவிடவில்லை. ஆனால் தேடிப் பார்த்துச் சொன்ன ஐ.பி.எஸ்.ஸை என்னால் ஏற்றுக்கொள்ள முடிந்தது. பார்க்காமலே சொன்னபோது முடியவில்லை.

பெரம்பூர் ஆசிரியை (5 நாள் கழித்து):

போய் வந்தேன். கணவர் முந்தின இரவே தாளைப் படித்தார். எடை குறைந்த இடத்தில் விரலை வைத்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தார். காலையில் அவரே வெளியே உட்கார்ந்துகொண்டார். மருத்துவர் இளையவர். தாளை மேலிருந்து கீழ் வரை படித்தார், சிவப்பு எண்கள் இரண்டையும் தன் பேனாவால் வட்டமிட்டார், படுக்கச் சொல்லி வலப்பக்கம் அழுத்திப் பார்த்தார். 11 மாதத்தில் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்த முதல் மருத்துவர் இவர்தான். இரண்டு கேள்விகளையும் கேட்டேன். டி.பி., க்ரோன்ஸ் இரண்டையும் அவர் வாயாலேயே சொன்னார்.

பெரம்பூர் ஆசிரியை (மேலும் மூன்று வாரம் கழித்து):

கால்ப்ரோடெக்டின் 480. கொலனோஸ்கோபியில் தம்பி சொன்ன அதே முனையில் புண். இரண்டு பாட்டில் உண்டா என்று கேட்டேன், அங்கிருந்த செவிலியர் இரண்டையும் தூக்கிக் காட்டினார். பயாப்சி முடிவு இன்று வந்தது. குடல் டி.பி. மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. 6 மாதம் மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம். மகளுக்கு 8 வயது, என்னோடுதான் படுக்கிறாள். அவளை எண்ணித்தான் கை நடுங்குகிறது.

ராயபுரம் சிஸ்டர்:

அழாதீர்கள் அம்மா. கிருமி குடலில் மட்டும் இருந்தால் இருமலில் பரவாது, எக்ஸ்ரேயும் சுத்தம் என்கிறீர்கள். குழந்தை உங்களோடே படுக்கட்டும். ஆனாலும் வீட்டில் எல்லோரையும் ஒரு முறை சோதிப்பார்கள், மறுக்காதீர்கள். உங்களுக்கு ஈரல், சர்க்கரை, எச்.ஐ.வி. பார்ப்பார்கள். அது எல்லோருக்கும் செய்வது, தவறாக நினைக்க வேண்டாம். வங்கிக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுபோங்கள். டி.பி. நோயாளிகளின் சத்துணவுக்கு அரசு கணக்கில் போடும் பணம் மாதம் 500 ரூபாயாக இருந்ததை 2024 நவம்பரில் 1,000 ஆக்கினார்கள்.

மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அது மருந்தின் நிறம். கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ அன்றே போய்க் காட்டுங்கள். இரண்டாவது மாதம் வலி போய்விடும், எடை ஏறும், மாத்திரையை விட்டுவிடலாம் என்று தோன்றும். விடாதீர்கள்.

பெரம்பூர் ஆசிரியை:

விட மாட்டேன், சிஸ்டர். திங்கட்கிழமை காலை முதல் மாத்திரை. அந்தத் தாளை மருத்துவர் என் கோப்பின் முதல் பக்கமாக வைத்துக் கட்டிவிட்டார்.