ராணுவ விமானியிலிருந்து ஏர்லைன் கேப்டன்: பழைய மணிநேரம் எவ்வளவு செல்லும், அப்கிரேடில் எங்கே சறுக்குகிறது?

வலதுசீட்டு எழுதியது:

போர் விமானம் ஓட்டிவிட்டு ஏர்லைனுக்கு வந்து, ஏர்பஸ் ஏ320 வலது சீட்டில் (துணை விமானி இருக்கை) உட்கார்ந்திருப்பவர்களுக்கான கேள்வி. கேப்டன் அப்கிரேடு வரிசை நெருங்குகிறது. படையில் சேர்த்த பி.ஐ.சி. (விமானத்துக்குப் பொறுப்பான விமானி) மணிநேரம் 1,600-க்கு மேல், எல்லாமே ஒற்றை இருக்கை விமானம். இதில் எவ்வளவு கேப்டன் தகுதிக்குச் செல்லும்? படையிலிருந்து வந்தவர்கள் கமாண்ட் கோர்ஸில் (கேப்டன் பயிற்சி) வழக்கமாக எங்கே அடிவாங்குகிறார்கள்? "நல்லா ஓட்டினா போதும் சார்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

லாக்புக்_கணக்கு எழுதியது:

எந்த நாட்டு லைசென்ஸ் என்று சொல்லவில்லையே. பொதுவாகச் சொல்கிறேன்.

மொத்த மணிநேரம் வேறு, கேப்டன் தகுதிக்கான மணிநேரம் வேறு. ஏ.டி.பி.எல்.லுக்கு (ஏர்லைன் விமானி லைசென்ஸ்) ஐ.சி.ஏ.ஓ. (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) வைத்திருக்கும் அடிப்படை 1,500 மணி. அதற்குள் பி.ஐ.சி. 250, இரவு 100, கருவி வழிப் பறத்தல் 75. இந்த இடத்தில் போர் விமான மணிநேரம் நன்றாகவே கைகொடுக்கும், குறிப்பாக பி.ஐ.சி. கட்டத்தில். ஐரோப்பிய லைசென்ஸ் என்றால் கூடவே ஒன்று கேட்பார்கள்: பல விமானிகள் சேர்ந்து இயக்கும் விமானத்தில் 500 மணி. அதற்கு ஒற்றை இருக்கையிலிருந்து ஒரு நிமிடம்கூட வராது. உங்கள் ஏ320 மணிநேரம்தான் அதை நிரப்பும்.

அமெரிக்காவில் கணக்கு இன்னும் கறார். ஏர்லைன் கேப்டனாக ஏ.டி.பி. (அங்குள்ள ஏர்லைன் விமானி சான்றிதழ்) இருந்தால் மட்டும் போதாது. பகுதி 121 விதியின்கீழ் இயங்கும் ஏர்லைனில் துணை விமானியாக 1,000 மணி பறந்திருக்க வேண்டும் (வேறு சில வகை இயக்கத்தில் பி.ஐ.சி.யாகப் பறந்ததும் சேரும்). படையிலிருந்து வந்தவருக்கு இதில் 500 மணி வரை சலுகை உண்டு. ஆனால் அந்த 500-ம் பல என்ஜின் கொண்ட, டர்பைன் வகை, நிலைத்த இறக்கை விமானத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட விமானி தேவைப்படும் இயக்கத்தில், பி.ஐ.சி.யாகப் பறந்ததாக இருக்க வேண்டும். சி-17, சி-130, கேசி-135 கமாண்டர்களுக்கு முழுச் சலுகையும் கிடைக்கும். எஃப்-16-க்கு ஒரே என்ஜின், ஒரே விமானி, ஆகவே இல்லை. எஃப்-15இ-யில் பின்னால் ஒருவர் இருக்கிறாரே என்பார்கள். அவர் ஆயுத அமைப்பு அதிகாரி, விதி கேட்கும் இரண்டாவது விமானி அல்ல. ஹெலிகாப்டர் மணிநேரமும் சேராது. சி-130-லேயே துணை விமானியாகப் பறந்ததும் சேராது.

உங்கள் 1,600-ல் இந்தக் கட்டத்துக்கு வருவது பூஜ்யம்.

இன்னொன்று: பல படைகளில் சக்கரம் எழும்பியதிலிருந்து தரைதொடும் வரைதான் பதிவு. சிவிலில் பறப்பதற்காக விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து கடைசியில் நிற்கும் வரை. அந்த டாக்ஸி நேரத்துக்காக வேலைக்கு எடுக்கும் ஏர்லைன்கள் சில ஒரு சார்ட்டிக்கு (ஒருமுறை பறந்து வருவது) 0.2 அல்லது 0.3 மணி சேர்த்துக்கொள்ள விடுகின்றன. அதைத் தனிப் பத்தியில் வையுங்கள். மூலப் பதிவோடு கலந்துவிட்டால், அப்கிரேடுக்கு முன் ஆவணச் சரிபார்ப்பில் படைச் சான்றிதழும் லாக்புக்கும் ஒத்துப்போகாமல் நிற்கும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சிம்_பெஞ்ச் எழுதியது:

மணிநேரக் கணக்கை அவர் சொல்லிவிட்டார். இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முதலில், யாரும் எதிர்பார்க்காத ஒரு சின்ன விஷயம்: கை.

போர் விமானத்தில் ஸ்டிக் வலது கையில், த்ராட்டில் இடது கையில். ஏர்பஸ் வலது சீட்டிலும் அதே அமைப்புதான், அதனால் படையிலிருந்து வந்தவருக்கு அது சொந்த வீடு மாதிரி. இடது சீட்டுக்கு மாறியதும் சைட்ஸ்டிக் இடது கைக்குப் போகிறது, த்ரஸ்ட் லீவர் வலது கைக்கு வருகிறது, டில்லரையும் (தரையில் விமானத்தைத் திருப்பும் பிடி) இடது கைதான் பிடிக்க வேண்டும். முதல் இரண்டு சிம் (சிமுலேட்டர்) அமர்வில் குறுக்குக் காற்றில் ஃப்ளேர் செய்யும்போது (தரைதொடுமுன் மூக்கைத் தூக்கும்போது) இது வெளியே தெரியும். இடது கை தேவைக்கு மேல் திருத்தும், விமானம் சிறகை இப்படியும் அப்படியும் ஆட்டும். கவனம் முழுக்க அங்கே போய்விடுவதால் லீவரை ஐடிலுக்கு இழுப்பது தாமதமாகி, ஓடுபாதையில் மிதந்துகொண்டே போவார்கள். ஐந்தாறு தரையிறக்கத்தில் பழகிவிடும், இதற்காகக் கலங்க வேண்டாம்.

உண்மையான அடி விழுவது எல்லாவற்றையும் தானே செய்யும் பழக்கத்தில். ஒற்றை இருக்கையில் அதுதான் திறமை, இங்கே அதுதான் குறை. கோளாறு வந்ததும் ஆட்டோபைலட்டையும் பிடித்து, ரேடியோவிலும் பேசி, க்யூ.ஆர்.எச். (கோளாறுகளுக்கான கையேடு) பக்கத்தையும் தானே தேடுவார். எஃப்.ஓ. (துணை விமானி) சும்மா உட்கார்ந்திருப்பார். பெஞ்சில் இருப்பவர் (பரிசோதகர்) அங்கேயே குறித்துவிடுவார்: வேலைப்பளு மேலாண்மை இல்லை, குழுப்பணி இல்லை. செய்ய வேண்டியது நேர்மாறு. "கன்ட்ரோலும் ரேடியோவும் உங்களிடம்" என்று எஃப்.ஓ.விடம் கொடுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு யோசிப்பது. டோடார், ஃபோர்டெக் என்று எந்த முடிவெடுக்கும் முறையை உங்கள் நிறுவனம் வைத்திருந்தாலும், அதன் முதல் கேள்வியாக "நமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?" என்பதை வாய்விட்டுக் கேளுங்கள்.

ஒரு உதாரணம். சேருமிடத்தில் இடிமழை, ஹோல்டிங்கில் (வானில் வட்டமிட்டுக் காத்திருப்பு) இருக்கிறீர்கள். டேங்கில் 3,400 கிலோ. மாற்று விமான நிலையத்துக்கு 1,400. ஏ320-ல் 30 நிமிட ஃபைனல் ரிசர்வ் (தரையிறங்கும்போதும் மிஞ்சியிருக்க வேண்டிய எரிபொருள்) 1,150 என்று வையுங்கள். மிச்சம் 850. ஹோல்டிங்கில் மணிக்கு 2,300 எரிந்தால் 22 நிமிடம். இந்த 22-ஐ எஃப்.ஓ.விடம் சொல்லி, கடிகார நேரமாகக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். மனதுக்குள் கணக்குப் போட்டுச் சரியாகவே முடிவெடுத்தாலும் மதிப்பெண் வராது. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாத கணக்கை அவரால் திருத்த முடியாதல்லவா?

மூன்றாவது, தரையில். பறப்பதைவிட இங்கே தோற்பவர்கள் அதிகம் என்பது என் கருத்து. படையில் கிரவுண்ட் க்ரூ தயார்செய்து நிறுத்திய விமானத்தில் ஏறுவார்கள். இங்கே 30 நிமிட டர்ன்-அரவுண்டில் (அடுத்த பயணத்துக்குத் தயாராகும் இடைவெளி) ஏ.பி.யு. (நிற்கும்போது மின்சாரமும் காற்றும் தரும் சிறு என்ஜின்) வேலை செய்யவில்லை என்று டெக் லாக் (கோளாறுப் பதிவேடு) வரும். எம்.இ.எல். (எந்தக் கோளாறோடு பறக்கலாம் என்ற பட்டியல்) அனுமதிக்கிறது என்று கையெழுத்துப் போட்டால் பரீட்சை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். சேருமிடத்தில் தரைமின்சாரம் உண்டா? என்ஜின் ஸ்டார்ட்டுக்குக் காற்று வண்டி உண்டா? இல்லையென்றால் ஒரு என்ஜினை ஓடவிட்டபடி பயணிகளை இறக்க நிறுவன விதி இடம்தருகிறதா? கேபினில் வெக்கை ஏறும் என்று பர்சருக்குச் சொன்னீர்களா? இதையெல்லாம் கேட்காமல் கதவை மூடினால் சிம் தொடங்குவதற்கு முன்பே சறுக்கல்தான்.

வலதுசீட்டு எழுதியது:

நன்றி. எரிபொருள் விஷயத்தில் ஒரு குழப்பம். படையில் பிங்கோ (திரும்பிச் செல்ல மட்டும் போதுமான எரிபொருள்) என்றால் உடனே திரும்ப வேண்டும். இங்கே "மினிமம் ஃப்யூவல்" சொன்னால் முன்னுரிமை கிடைக்குமா?

சிம்_பெஞ்ச் எழுதியது:

கிடைக்காது. ஒரு விமான நிலையத்தில்தான் இறங்குவது என்று உறுதியான பிறகு, இனி சிறு தாமதம் வந்தாலும் ஃபைனல் ரிசர்வுக்குக் கீழே போய்விடுவோம் என்று கட்டுப்பாட்டாளருக்குத் தெரிவிப்பதுதான் அது. வெறும் தகவல். ஃபைனல் ரிசர்வுக்குக் குறைவாகவே தரையிறங்குவோம் என்று கணக்குக் காட்டினால் "மேடே, மேடே, மேடே, ஃப்யூவல்". அதுதான் அவசரநிலை. முதலாவதைச் சொல்லிவிட்டு வழி விடுவார்கள் என்று காத்திருப்பது சிம்மில் அடிக்கடி பார்க்கும் தவறு.

மூன்றாம்_குரல் எழுதியது:

பதவி விஷயத்தை யாரும் தொடவில்லை. 1999 டிசம்பர் 22 அன்று லண்டன் ஸ்டான்ஸ்டெட்டில் கிளம்பிய கொரியன் ஏர் சரக்கு 747 ஞாபகம் இருக்கிறதா? இடதுபக்க ஆட்டிட்யூட் கருவி விமானத்தின் சாய்வைக் காட்டவில்லை. இரண்டு பக்கக் கருவிகளும் ஒத்துப்போகவில்லை என்ற எச்சரிக்கை ஒலித்தது. ஃப்ளைட் இன்ஜினியர் "பேங்க்" (சாய்வு) என்று சொன்னார். வலதுபக்கக் கருவி சரியாக இருந்தும் எஃப்.ஓ. வாய் திறக்கவில்லை. விமானம் விழுந்து, அதிலிருந்த நான்கு பேரும் இறந்தார்கள். கேப்டன் முன்னாள் விமானப்படை அதிகாரி, வயது 57, எஃப்.ஓ.வுக்கு 33.

கேப்டன் திட்டியிருக்க வேண்டும் என்றில்லை, அவருடைய பழைய பதவியே எதிராளியின் வாயை அடைத்துவிடும். அதனால் ப்ரீஃபிங்கில் "ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்பது போதாது, அதை எல்லோரும் சொல்கிறார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: "1,000 அடியில் நிலைப்படவில்லை என்றால் 'கோ-அரவுண்ட்' (இறங்காமல் மேலேறுவது) என்று நீங்கள் சொல்லுங்கள், நான் கேள்வி கேட்காமல் செய்வேன்." சிம்மில் எஃப்.ஓ. ஒருமுறை அப்படிச் சொல்லும்போது அப்ரோச்சைத் தொடர்ந்தால், அதற்குப் பிறகு எவ்வளவு அழகாக இறக்கினாலும் பயனில்லை.

லாக்புக்_கணக்கு எழுதியது:

சிம் தேறிய பிறகு உள்ளதையும் சேர்த்துவிடுகிறேன். ஐரோப்பிய விதியில் கமாண்டராக மேற்பார்வையில் குறைந்தது 10 செக்டர் (ஒரு புறப்பாடும் ஒரு இறக்கமும் கொண்ட பயணம்), பல நிறுவனங்கள் அதைவிட அதிகம் வைக்கின்றன. அமெரிக்காவில் புதுக் கேப்டனின் ஒரு செக்டரையாவது எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதோடு, அந்த விமான வகையில் பி.ஐ.சி.யாக 100 மணி ஆகும் வரை தரையிறக்க மினிமம் (ஓடுபாதை தெரியாமல் இறங்கி வரக்கூடிய கடைசி உயரம்) 100 அடியும் பார்வைத்தூரம் அரை மைலும் கூட்டிக்கொள்ள வேண்டும். கேப்டனான முதல் மாதம் இதை மறந்து, சார்ட்டில் அச்சிட்ட மினிமத்துக்கே இறங்கப் பார்ப்பவர்கள் உண்டு. எரிபொருள் போடும்போதே உங்கள் மினிமத்தை வைத்து மாற்று நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சிம்_பெஞ்ச் எழுதியது:

கை விஷயத்துக்கு ஒரு வார்த்தை. முதல் அமர்வுக்கு இரண்டு வாரம் முன்பே காக்பிட் போஸ்டரை ஒட்டி, இடது பக்கம் நாற்காலி போட்டு, முழு ஸ்கேனையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். ரிஜெக்டட் டேக்-ஆஃபை மட்டும் தினமும் இருபது முறை: "ஸ்டாப்", வலது கையால் லீவர் ஐடில், ரிவர்ஸ். வி1 (டேக்-ஆஃபைக் கைவிடக்கூடிய கடைசி வேகம்) வரை அந்தக் கை லீவரில்தான் இருக்க வேண்டும். வலது சீட்டில் அந்தக் கை ஸ்டிக்கைப் பிடித்தே பழகியது, அதற்கு இது தானாக வராது.