‘டெஸ்ட்ராய்’ கட்டளைக்கு ‘அழி’ வேண்டாம், ‘மின்பறி’ என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

மெய்நிகர் கணினிகளைக் கட்டளைகளால் நடத்தும் விர்ஷ் கருவியைத் தமிழாக்கும் நம் உரையாடலில், அதன் ‘டெஸ்ட்ராய்’ கட்டளைக்கு ‘அழி’, ‘தகர்’, ‘மின்வெட்டு’, ‘மின்கழற்று’ என்று நான்கு சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. ஐந்தாவதாக ஒன்றை வைக்க விரும்புகிறேன். அதற்கு முன், ‘அழி’ என்று முதலில் எழுதியவன் நான்தான் என்பதையும், அந்தச் சொல்லால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய மேசைக் கணினி மெய்நிகராக்க வழங்கியாக, அதாவது தனக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கணினியாக, ஓடுகிறது. 16 ஜிபி நினைவகம், டெபியன் லினக்ஸ், அதில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம். திரையோ விசைப்பலகையோ பூட்டவில்லை. மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற தொலை இணைப்பு வழியாக நுழைந்து, எல்லாவற்றையும் விர்ஷ் கட்டளைகளாலேயே நடத்துகிறேன். அதற்குள் மூன்று விருந்தினர் இயந்திரங்கள், அதாவது மெய்நிகர் கணினிகள், இருக்கின்றன. ஊர் வாசிகசாலையின் நூற்பட்டியலுக்கு ‘நூலகம்’, பிள்ளைகள் லினக்ஸ் பழகுவதற்கு ‘வகுப்பு’, குடும்பப் படங்களுக்குப் ‘பெட்டகம்’.

நான் கொழும்புக்குப் போகும் நாட்களில் சித்தியின் மகன் இதைப் பார்த்துக்கொள்வான். உயர்தரம் படிக்கிற பிள்ளை. அவனுக்காகக் கட்டளைகளை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். ‘ஷட்டவுன்’ என்பதற்கு நேரே ‘நிறுத்து’. ‘டெஸ்ட்ராய்’ என்பதற்கு நேரே ‘அழி’. ஒருநாள் ‘வகுப்பு’ உறைந்துபோய்விட்டது. நான்கு முறை ‘ஷட்டவுன்’ கொடுத்தும் அது அசையவில்லை. அடுத்த வரியில் ‘அழி’ என்று இருப்பதைப் பார்த்துத் தம்பி பயந்துவிட்டான். பிள்ளைகள் செய்து வைத்த வேலையெல்லாம் போய்விடுமே என்று நினைத்து, எழுந்து போய் வழங்கியின் மின்வடத்தையே சுவரிலிருந்து இழுத்துவிட்டான். ஒரு விருந்தினரோடு முடிய வேண்டிய சங்கதியில் மூன்றும் விழுந்தன. ‘நூலகம்’ இயந்திரத்தின் தரவுத்தளம் பழுதானது. வாசிகசாலையில் அன்று பதிந்த நூல்களை மறுபடியும் பதிய இரண்டு மாலைகள் பிடித்தன.

தம்பி சொல்லைச் சரியாகத்தான் வாசித்தான். சொல்தான் பொய் சொன்னது.

கட்டளை செய்வது இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும் விருந்தினரை அந்தக் கணமே நிறுத்துகிறது. உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்கு எந்த அறிவிப்பும் போவதில்லை. விர்ஷின் கையேடே இதை மின்வடத்தைப் பிடுங்குவதோடு ஒப்பிடுகிறது. வட்டுக்கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். இயந்திரத்தின் வரையறையும் இருக்கும். பட்டியலை முழுமையாகக் கேட்டால் ‘நின்றுள்ளது’ என்ற நிலையில் அது அப்படியே தெரியும்; மறுபடி தொடக்கிவிடலாம். வட்டுக்கு இன்னும் எழுதப்படாமல் நினைவகத்தில் கிடந்தவைதான் போகும். ‘ஷட்டவுன்’ வேறு வகை. அது மின்பொத்தானை அழுத்தியது போன்ற ஒரு சமிக்ஞையை அனுப்புவதோடு சரி. விருந்தினர் மதித்தால் நிற்கும், உறைந்திருந்தால் கேட்காது. இரணைமடுக் குளத்தில் துருசு (மதகு) பூட்டுவதென்றால் வாய்க்கால் வழியே கமக்காரருக்குச் செய்தி போகும், அவரவர் வரம்பைப் பார்த்துக்கொள்வார்கள். ‘ஷட்டவுன்’ அந்த வகை. ‘டெஸ்ட்ராய்’ செய்தி சொல்லாமல் துருசை இறக்குவது. வயலை யாரும் அழிக்கவில்லை.

பிறகு ஏன் ஆங்கிலத்தில் அப்படிப் பெயர் வைத்தார்கள்? இது ஸென் என்ற முந்தைய மெய்நிகராக்க மென்பொருளின் காலத்து எச்சம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வளர்ந்து 2003இல் வெளிவந்த ஸென், ஒவ்வொரு விருந்தினரையும் ‘டொமைன்’ என்று அழைத்தது. அதன் கட்டளைகளில் டொமைன் ஒன்றை உருவாக்குவது ‘கிரியேட்’, முடிப்பது ‘டெஸ்ட்ராய்’. விர்ஷுக்கு அடியில் இருக்கும் நிரல்தொகுப்பான, 2005இல் தொடங்கிய லிப்விர்ட் முதலில் ஸென்னைக் கையாளவே எழுதப்பட்டது. பழைய சொற்கள் அதனுள் குடியேறின. 2007இல் கேவிஎம் லினக்ஸ் கர்னலின் 2.6.20 பதிப்போடு சேர்ந்த பிறகும் கட்டளைப் பெயர்கள் மாறவில்லை. அவர்களுக்கு அது பழக்கம். அந்தப் பழக்கத்தின் சுமையை நாம் தமிழில் புதிதாகத் தூக்கிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்று. கட்டளை எப்படியும் ஆங்கில எழுத்தில்தான் தட்டப்படும். நாம் தமிழாக்குவது கட்டளை முடிந்ததும் திரையில் வரும் செய்தியை. இரவு பதினொரு மணிக்கு ஒருவர் தன் முனையத்தில் “‘நூலகம்’ அழிக்கப்பட்டது” என்று வாசிக்கும் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இனி மற்றச் சொற்களுக்கு வருகிறேன்.

> ‘மின்வெட்டு’ போதாதா? ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சொல். விளக்கமே தேவையில்லை.

அண்ணா, இதுதான் முதலில் என் மனத்தையும் இழுத்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருளில் இருந்த எங்களுக்கு அதைவிடத் தெளிவான சொல் கிடையாது. மின்வெட்டால் வீடு இடிவதில்லை, ஆனால் செய்துகொண்டிருந்த வேலை போகும். பொருளும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் அந்தத் தெளிவே இங்கே தடையாகிறது. மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் உண்மையான மின்வெட்டும் வரும். காலையில் பதிவேட்டைத் திறப்பவர் “மின்வெட்டால் நின்றது” என்று கண்டால் யுபிஎஸ்ஸின் மின்கலத்தைச் சோதிக்கத் தொடங்குவார். யாரோ ஒருவர் கட்டளையிட்டு நிறுத்தியிருக்கிறார் என்பது அவருக்குத் தோன்றாது. செய்தவர் ஒருவர் உண்டு என்பதைச் சொல் காட்ட வேண்டும்.

> ‘மின்கழற்று’ என்பது மென்மையாகவும் நாகரிகமாகவும் இருக்கிறது.

ஐயா, அந்த மென்மைதான் எனக்குத் தயக்கம். சட்டையைக் கழற்றுகிறோம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறோம். கழற்றுவது பக்குவமாகச் செய்யும் வேலை. கழற்றியதால் எதுவும் கெடாது என்ற நம்பிக்கை சொல்லிலேயே இருக்கிறது. அதை நம்பி ஒருவர் தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் நட்டம் அவருக்கு. ‘அழி’ அளவுக்கு மேல் அச்சுறுத்துகிறது, ‘கழற்று’ அச்சமே இல்லாமல் செய்கிறது. ‘தகர்’ பற்றித் தனியே சொல்ல ஒன்றுமில்லை, அது ‘அழி’யின் உடன்பிறப்பு.

ஆகவே ‘மின்பறி’. விருந்தினரின் கையிலிருந்து மின்சாரம் பறிக்கப்படுகிறது. பறிப்பவர் ஒருவர் இருக்கிறார், பறிகொடுப்பதற்கும் ஏதோ இருக்கிறது, பறிகொடுத்தவர் உயிரோடும் இருக்கிறார். பெயராக ‘மின்பறிப்பு’, திரைச் செய்தியாக “‘வகுப்பு’ மின்பறிப்பால் நிறுத்தப்பட்டது”. புணர்ச்சியில் ‘மிற்பறி’ என்று வராதா என்று ஐயா கேட்பார் என்பது தெரியும். மின்கலம், மின்தடை, மின்பொறி எல்லாம் திரியாமலே நிலைத்துவிட்டதால் இதையும் அந்த வரிசையில் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

முள்ளியவளையில் இருக்கும் தங்கையிடம் இதை முன்கூட்டியே காட்டினேன். “பறிப்பு என்றதும் எனக்குக் காணிப் பறிப்புத்தான் நினைவுக்கு வருகிறது அண்ணா, கணினிக்குள்ளும் அந்தச் சொல் வேண்டுமா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளவில்லை, இரண்டு நாட்கள் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். ஆனால் இதே மண்ணில் மாங்காய் பறிக்கிறோம், தேங்காய் பறிக்கிறோம், கோயிலுக்குப் பூப் பறிக்கிறோம். ஒரு துயரம் தொட்டதற்காக அந்த வினையை முழுவதுமாகக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. தங்கை இன்னும் முழுதாக உடன்படவில்லை. அவர் தம் கருத்தைத் தாமே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

‘அழி’யை முற்றாகத் தூக்கி எறியவும் சொல்லவில்லை. அதற்குரிய இடம் வேறு. ‘அன்டிஃபைன்’ என்ற கட்டளை இயந்திரத்தின் வரையறையை மட்டும் நீக்குகிறது, வட்டுக்கோப்பைத் தொடுவதில்லை. இடாப்பிலிருந்து பெயரை வெட்டினால் பிள்ளை இல்லாமல் போவதில்லை அல்லவா? அதற்குப் ‘பதிவு நீக்கு’ போதும். ஆனால் அதே கட்டளையோடு எல்லாச் சேமிப்பையும் அகற்றச் சொல்லும் தெரிவைச் சேர்த்தால், விருந்தினரின் வட்டுகளும் சேர்ந்தே போய்விடும். காப்பு எடுத்து வைக்காதவருக்கு அதன் பிறகு வழியில்லை. ‘சேமிப்பையும் அழி’ என்று அங்கே எழுதுவோம். தம்பி அஞ்சியிருக்க வேண்டிய வரி அதுதான். என் பழைய தாளில் அதற்கு நேரே ‘சுத்தம் செய்’ என்று எழுதி வைத்திருந்தேன்.

தாளைத் திருத்திச் சுவரில் ஒட்டியாயிற்று. கணினியே படிக்காத சித்தியிடம் மூன்று சொற்களையும் காட்டி, எதைச் செய்ய அதிகம் யோசிப்பீர்கள் என்று கேட்டேன். ‘சேமிப்பையும் அழி’யைத் தொடவே மாட்டேன் என்றார், ‘மின்பறி’யை வேறு வழியில்லாவிட்டால் செய்வேன் என்றார், ‘நிறுத்து’வைப் பற்றிக் கவலையே படவில்லை.

‘ரீசெட்’ இன்னும் மிச்சம் இருக்கிறது. அதுவும் விருந்தினருக்குச் சொல்லாமல் நடக்கும் வேலை. கணினியின் மீள்தொடக்கப் பொத்தானை அழுத்துவது போன்றது. ‘மீட்டமை’ என்று போட்டால், அமைப்புகள் எல்லாம் தொடக்க நிலைக்குப் போய்விடும் என்று வாசிப்பவர் எண்ணக்கூடும். ‘வன்தொடக்கம்’ என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் வன்பொருளோடு குழம்புமோ என்ற ஐயம் தீரவில்லை. உங்களிடம் நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
வட்டக்கச்சியிலிருந்து