மறு: ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

கடலூரிலிருந்து எழுதுகிறேன். எஞ்சின் சுழற்சியில் மின்சாரம் ஆக்கி பேட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டர், அதாவது மின்னாக்கி. அதைக் கணினி கட்டுப்படுத்தும் ஸ்மார்ட் வகைக்குப் புதுச்சேரி ஐயா ‘திறன்மிகு மின்னாக்கி’ என்று முன்மொழிந்திருந்தார். ஸ்மார்ட் என்றால் திறன் என்று நமக்குக் கை பழகிவிட்டது. ஆனால் இந்த இடத்தில் அது எதையும் விளக்கவில்லை. மின்னாக்கிக்குள் அடிப்படையில் எதுவும் மாறவில்லை. உள்ளே சுற்றும் சுழலிச் சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டினால் வெளிவரும் மின்னழுத்தம் (வோல்டேஜ்) கூடும், குறைத்தால் குறையும். பழைய வண்டியிலும் இதே கதைதான். யார் கூட்டுகிறார்கள், எப்போது கூட்டுகிறார்கள் என்பதுதான் இப்போது வேறு.

அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பழைய சீராக்கி (ரெகுலேட்டர்) 14.2, 14.4 வோல்ட் என்று ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும். (பட்டறையில் இன்னும் சீராக்கியைக் கட்-அவுட் என்றும் மின்னாக்கியை டைனமோ என்றும்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.) புது வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் எதிர்முனையில் (நெகட்டிவ்) சின்ன உணரி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மின்னோட்டம், அழுத்தம், வெப்பம் மூன்றையும் அது அளந்து சொல்ல, எஞ்சின் கணினி சீராக்கிக்குக் கட்டளை அனுப்புகிறது.

புதுச்சேரி போகும்போது சிகரெட் லைட்டர் துளையில் ஒரு வோல்ட் மீட்டரைச் செருகிப் பாருங்கள். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி மிதித்து ஓட்டும்போது 12.6, 12.8 என்று கீழே படுத்திருக்கும். கன்னியக்கோயில் பக்கம் கூட்டம் கண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் 14.8 வரைகூடத் தாவும். அந்த நேரத்தில் எஞ்சினுக்கு டீசலோ பெட்ரோலோ போவதில்லை, சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. பிரேக்கில் சூடாகி வீணாகப் போகிற ஓட்டத்தில் ஒரு பங்கை பேட்டரிக்குள் தள்ளிவிடுகிறார்கள். அதற்கு இடம் வேண்டுமே என்று பேட்டரியை முழுக்க நிரப்பாமல் 80 விழுக்காட்டை ஒட்டி வைத்திருப்பார்கள். மிதிக்கும்போது அழுத்தத்தைக் குறைத்தால் எஞ்சினுக்கும் சுமை குறைகிறது. இரவில் முகப்பு விளக்கு போட்டாலோ வைப்பர் ஓடினாலோ, பல வண்டிகளில் இந்தச் சிக்கனத்தை விட்டுவிட்டு 14-ஐ ஒட்டி நின்றுவிடும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஓடுகிற வண்டியில் 13.5-க்குக் கீழே காட்டினால் டைனமோ போச்சு என்பது பட்டறைச் சட்டம். அதே சட்டத்தை இங்கே வைத்தால் நன்றாக இருக்கிற ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் போடுவார்கள், வண்டிக்காரரின் காசு போகும். அழுத்தம் வேண்டுமென்றேதான் இறங்குகிறது என்பது பெயரைக் கேட்டதுமே உறைக்க வேண்டும். இப்போது வந்திருக்கும் சொற்களைப் பார்ப்போம்.

> மாறழுத்த மின்னேற்றம்

பொருள் சரி. ஆனால் கெட்டுப்போன சீராக்கியும் மாறழுத்தம்தான் தரும்!

> தேவையறி மின்னேற்றம்

கேட்க அழகு. ஆனால் காலை எடுத்ததும் மின்னேறுவது பேட்டரியின் தேவைக்காக இல்லை, ஓசியில் கிடைக்கிறது என்பதற்காக.

> வாய்ப்பறி மின்னேற்றம்

நெய்வேலி அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. படித்தவுடன் வழிப்பறிதான் நினைவுக்கு வந்தது.

என் பரிந்துரை: நிலையறி மின்னேற்றம். பேட்டரியின் நிலை, வண்டியின் நிலை இரண்டும் அதில் அடங்கும்.

– கடலூரிலிருந்து

*

தம்பிக்கு வணக்கம்.

‘திறன்மிகு’வை நான் கைவிடுகிறேன், விளக்கம் ஏற்கத்தக்கது. ஆனால் ‘நிலையறி மின்னேற்றம்’ எனக்கு இரண்டு இடங்களில் இடிக்கிறது.

ஒன்று சிறியது. நிலைமின்னியல் என்று படித்து வளர்ந்தவர்களுக்கு ‘நிலை’யும் ‘மின்’னும் அருகருகே வந்தால் அசையா மின்சாரம் என்று தோன்றும்.

மற்றது பெரியது. முழுதாய் நிரம்பிய பேட்டரி, ஓய்வில் தானாகவே 12.6 காட்டும். ஆறு அறைகள் (செல்கள்), அறைக்கு 2.1 வோல்ட். நீங்கள் பாலத்தைத் தாண்டி 12.6 பார்த்தபோது பேட்டரிக்குள் ஏறியது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஏறாத நேரத்தையும் சேர்த்து மின்னேற்றம் என்பது எப்படி? நீங்களே யார், எப்போது என்று கேட்டீர்கள். அந்த ‘யார்’ சீராக்கிதானே? பெயரை அங்கே வையுங்கள்: நிலையறி சீராக்கம். கருவி, நிலையறி சீராக்கி.

கூடவே இரண்டு துணைச் சொற்கள்: வண்டி நிற்கும்போது அளப்பது ஓய்வழுத்தம், சீராக்கி தருவது ஏற்றழுத்தம். இரண்டுக்கும் தனிப்பெயர் இல்லாததால்தான் 12.6 என்றதும் ஆள் ஆளுக்கு வேறொன்றை நினைத்துக்கொள்கிறார்கள்.

– புதுச்சேரியிலிருந்து

*

ஐயா, நிலையறி சீராக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ‘மின்’ பக்கத்தில் இல்லாததால் அந்தச் சின்ன இடியும் போய்விட்டது. சீராக்கம் என்றால் ஒரே சீராக வைப்பதுதானே என்று யாராவது கேட்பார்கள். ஒழுங்குக்குள் வைப்பதும் சீர்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஏற்றழுத்தம் சரி. ‘ஓய்வழுத்தம்’ என்பதற்கான விளக்கத்தில், வண்டியை அணைத்துச் சில மணி நேரம் விட்டபின் அளக்க வேண்டும் என்பதைச் சேர்த்துவிடுங்கள். அணைத்த கையோடு அளந்தால் கூடுதலாகக் காட்டும்.

சீராக்கத்துக்கான குறிப்பில் வெப்பமும் வர வேண்டும். ஈய அமில பேட்டரி பத்து டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏற்றழுத்தம் சுமார் 0.2 வோல்ட் குறைய வேண்டும். நம் கத்திரி வெயிலில் பானட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் மீட்டர் குறைவாகக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் உணரி பற்றி ஒரு வரி: வெளிச் சார்ஜர் போடும்போது கறுப்புக் கவ்வியை பேட்டரியின் எதிர்முனையில் மாட்டாமல், வண்டி உடலில் அதற்கென்று உள்ள இடத்தில் மாட்ட வேண்டும். முனையிலேயே மாட்டினால் ஏறிய மின்சாரம் உணரியின் கணக்கில் வராது.

– கடலூரிலிருந்து